லேத்து முக்கில் பச்சை

அம்மிணி, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காரு கண்ணு. ஜன்னலோரம் நீயே வெச்சுக்க, எனக்கு அது வேண்டாம். எனக்கு இந்த ஓரந்தான் வேணும். இங்கிருந்து பாத்தாத்தான் முன்னாடி கண்ணாடி முழுசாத் தெரியும். ரோடு தெரியோணும் எனக்கு.

இந்த ட்ரைவர் யாருன்னு உனக்குத் தெரியுமா? தெனமும் இந்த பஸ்ஸுல வர்ற ஆளா நீ? இல்லையா. அதுதானே, உன்னைப் பாத்த மாதிரி இல்லையேன்னு நெனச்சேன். குழந்தைவேலுதான் இந்த வண்டியை ஓட்டுவாரு. சாயங்காலம் இந்த பஸ்ஸுன்னா அது குழந்தைவேலுதான். இன்னைக்குன்னு பாத்து எவனோ புதுசா ஒருத்தன் உக்காந்திருக்கறான். மீசையும் கண்ணாடியுமா.

ஏந்தம்பி, கண்டக்டர் தம்பி, குழந்தைவேலு வரலீங்களா?

கேட்டியா? தங்கச்சி மகளுக்குக் கல்யாணமாம். லீவாம். நேத்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாரு. "நாளைக்கு நான் வரமாட்டனுங்கக்கா"ன்னு சொல்லியிருந்தா, நான் பேக்கரியில அரை நாள் லீவு கேட்டுட்டு நேரா லேத்து முக்குக்கே போயி நின்னிருப்பேனே.

பயமா? எனக்கா? அட நீ வேற. நான் எதுக்குப் பயப்படறேன். கை நடுங்கறது காலையிலிருந்து மாவு பெசஞ்சது. எங்கூட்டுக்காரருதான் பயந்த சுபாவம். பாவம், காது வேற கேக்காது. பட்டறையில பவர் பிரஸ்ஸுப் பக்கத்துலயே நின்னு நின்னு ரெண்டு காதும் போச்சு. பக்கத்துல பட்டாசு வெடிச்சா, யாரு கதவைத் தட்டறதுன்னு கேப்பாரு. அவரைப் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுதான் என்ர வேலை. அதுக்குத்தான் இந்த பஸ்ஸு. இல்லைன்னா எனக்கென்ன, பேக்கரி வாசல்லயே ஷேர் ஆட்டோ கெடைக்குது.

நீ எங்க எறங்கறே? கடைசி ஸ்டாப்பா. நல்லதாப் போச்சு. அப்ப நீ எங்கூடவே இருப்பே. நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. லேத்து முக்கு வர்றப்ப நான் கத்துவேன். நீயும் கத்தோணும். "நிறுத்துங்க"ன்னு கத்தோணும். வயசுப் புள்ளை குரலு, சட்டுன்னு காதுல விழும். நான் கத்தினா, கெழவி எதையோ மறந்துட்டு வந்துட்டாள்னு வண்டியை விட்டுருவானுங்க. கத்துவியா? எதுக்குன்னு கேக்கறியா. சொல்றேன். இன்னும் தூரம் இருக்குது.

பஸ்ஸு எடுத்துட்டான். ஸ்பீடாத்தான் போறான், பாத்தியா.

லேத்து முக்குல பஸ்ஸு ஸ்டாப்பு கெடையாது கண்ணு. ஸ்டாப்பு அக்கட்டால, பாலம் தாண்டி இருக்குது. ஆனா யாரு பாலம் வரைக்கும் நடக்கறா? லேத்து முக்குல சிக்னல் இருக்குதல்ல, அங்க இந்த பஸ்ஸுக்கு எப்பவும் சிகப்புதான். எப்பவும்னா எப்பவும். மழை பெஞ்சாலும் சிகப்பு, தீவாளி அன்னைக்கும் சிகப்பு. இந்த பஸ்ஸு போயி நிக்கறதும் சிகப்பு விழறதும், ரெண்டும் பேசி வெச்சுக்கிட்ட மாதிரி. அந்தச் சிகப்புலதான் பட்டறைக்காரங்க பூராம் ஏறுவாங்க. ரோட்டுக்கு நடுவால மதில் போட்டிருக்குதல்ல, அதுல ஒரு எடத்துல சந்து இருக்குது. பட்டறை அந்தப் பக்கம். பாதி ரோட்டைத் தாண்டி சந்துல வந்து நிப்பாங்க. பஸ்ஸு வந்து நின்னதும் இறங்கி, பஸ்ஸுக்கு முன்னாடி நடந்து, சுத்தி வந்து படியில ஏறுவாங்க. ட்ரைவரைப் பாத்து ஒரு கையத் தூக்குவாங்க, ட்ரைவரும் தூக்குவாரு. இத்தனை வருசமா இதுதான் ஸ்டாப்பு. யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லை.

சந்துல நின்னா லைட்டோட முதுகுதான் தெரியும் கண்ணு. சிகப்பா பச்சையான்னு தெரியாது. அதனால அங்க யாரும் லைட்டைப் பாக்கறதில்லை. பஸ்ஸைப் பாப்பாங்க. இந்த பஸ்ஸு வருதா, அப்ப சிகப்பு. இறங்கு. அவ்வளவுதான் கணக்கு.

இப்பத்தான் அந்தப் பொட்டியைக் கொண்டாந்து மாட்டினாங்க.

அதோ பாரு, ட்ரைவர் தலைக்கு மேல, சாமி படத்துக்குப் பக்கத்துல, சின்னதா ஒரு பொட்டி. பச்சையா ஒரு புள்ளி மினுங்குது பாரு. அதுதான். பஸ்ஸு கிட்டக்க போனதும் அது சிக்னலுக்குச் சொல்லிருமாம், நான் வர்றேன் வழி விடுன்னு. உடனே சிகப்பு பச்சையாயிருமாம். பச்சையா இருந்தா பஸ்ஸு போற வரைக்கும் பச்சையாவே நிக்குமாம். காருல போறவன் ஒத்தை ஆளு, பஸ்ஸுல இத்தனை பேரு இருக்கறாங்க, பஸ்ஸுதான் முன்னாடி போகோணும்னு சொல்றாங்க. நாயந்தான். நான் இல்லைன்னு சொல்லலை. சூட்டு கோட்டு போட்டுட்டு ரெண்டு பேரு பஸ்ஸுல ஏறி, "என்னம்மா குறை"ன்னு கேட்டப்ப, லேத்து முக்கு சிக்னல்ல எங்க உசுரு போகுதுங்கன்னு நானுந்தான் சொன்னேன். எல்லாருந்தான் சொன்னாங்க. நான் சொன்னதுக்கா மாட்டினாங்க? நான் யாரு, பேக்கரியில பப்ஸ் மடிக்கறவ.

இது எந்த ஸ்டாப்பு? சரி சரி. இன்னும் இருக்குது.

பொட்டி மாட்டின மொத நாளு எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. நான் இதே எடத்துல உக்காந்திருந்தேன். லேத்து முக்கு வருது, எங்கூட்டுக்காரரு சந்துல நிக்கறாரு, நீலச் சட்டை, கையில சாப்பாட்டுப் பை. பஸ்ஸைப் பாத்துட்டாரு. மூஞ்சியில ஒரு சிரிப்பு. இறங்கறாரு. நான் சிக்னலைப் பாக்கறேன், பச்சை. பளிச்சுன்னு பச்சை கண்ணு. பஸ்ஸு நிக்கலை. நான் வாயைத் தொறக்கறேன், சத்தம் வரலை. குழந்தைவேலு ஹார்ன் அடிக்கறாரு, அடிக்கறாரு. காது கேக்காத மனுசனுக்கு ஹார்ன் அடிச்சு என்ன பண்றது? அப்புறம் போட்டாரு பாரு ஒரு பிரேக்கு. நிக்கறவங்கெல்லாம் வந்து முன்னாடி விழுந்தாங்க. என்ர டிபன் பாக்ஸு அந்தக் கண்ணாடியில போயி அடிச்சுது. பஸ்ஸு அவரு சட்டையத் தொட்டுட்டு நின்னுச்சு. சட்டையத் தொட்டுச்சு கண்ணு. நான் பாத்தேன், பட்டன் ஆடுச்சு.

அவரு என்ன பண்ணாருங்கறே? ட்ரைவரைப் பாத்து கையத் தூக்கினாரு. சுத்தி வந்தாரு, ஏறினாரு, எம்பக்கத்துல உக்காந்தாரு. "இன்னைக்கு பஸ்ஸு வெரசலா வந்துருச்சு போல"ங்கறாரு. எம்மூஞ்சியப் பாத்துட்டு, "ஏ புள்ள, ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டே? நாந்தான் வந்துட்டனே, பயப்படாதே"ங்கறாரு! எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியலை. நானாம், பயப்படறனாம்.

அன்னைக்கு ராத்திரி பூராம் கத்தினேன். வீதியே கேட்டுச்சு, அவருக்கு மட்டும் கேக்கலை. கையால காட்டினேன். பொட்டின்னு காட்டினேன், பச்சைன்னு காட்டினேன், பஸ்ஸு நிக்காதுன்னு காட்டினேன். "லைட்டு ஊருக்கே பொது, அது எப்படி பஸ்ஸப் பாத்து மாறும்? உன்னை எவனோ ஏமாத்திட்டான்"ங்கறாரு. கடைசியா சரின்னு தலையாட்டினாரு. அடுத்த நாளு மறுபடியும் இறங்கிட்டாரு. தலை கேட்டுக்குது கண்ணு, காலு கேக்க மாட்டீங்குது.

மத்த பட்டறைப் பசங்கெல்லாம் ஒரே நாள்ல தெரிஞ்சுக்கிட்டானுங்க. பஸ்ஸு வேகம் கொறையலைன்னா சத்தத்துலயே தெரியுமாம். இவருக்கு ஏது சத்தம்? பாலத்து ஸ்டாப்புக்கு நடந்து வாங்கன்னு சொன்னா, "அது வரைக்கும் நீ தனியா வரோணுமே"ங்கறாரு. அதுல என்ன இருக்குது? பொடி தூரம். பட்டறை மொதலாளிகிட்டப் போயிச் சொன்னேன். "வெள்ளிங்கிரியண்ணனை நாங்க பாத்துக்கறமுங்க"ன்னு சிரிச்சாரு. அந்த ஆளு கார்ல போறவரு, அவரு எங்க பாக்கறது. வேற பஸ்ஸுல வந்து பாத்தேன் ஒருநாளு. அது இன்னும் மோசம். இந்த பஸ்ஸு போன பொறவும் என்னைக் காணமேன்னு அவரு சந்துலயே நின்னிருக்காரு, ரெண்டு பக்கமும் லாரி போகுது, நடுவுல இவரு. இருட்டற வரைக்கும் வீட்டுக்கு வரலை. நான் வாசலுக்கும் வீதிக்குமா நடந்தே செத்தேன்.

அதுக்கப்புறந்தான் குழந்தைவேலு கையப் புடிச்சுக் கெஞ்சினேன். லேத்து முக்கு வர்றப்ப அந்தப் பொட்டியை அமத்தி வைங்க தம்பின்னேன். "அது எங் கையில இல்லீங்கக்கா. ஆனா நான் மெதுவாப் போறேன், அண்ணனைப் பாத்துத்தான் போறேன், நீங்க வெசனப்படாதீங்க"ன்னாரு. பச்சை விழுந்தாலும் ஊர்ந்துதான் போவாரு, பின்னாடி இருக்கறவன் எத்தனை திட்டினாலும். மகராசன். இன்னைக்கு அவரு கல்யாணத்துல பந்தியில உக்காந்திருக்காரு. இங்க பாரு, இவன் எப்படிப் போறான்.

நான் இவங்கிட்டச் சொல்லாம இருப்பனா? ஏறினதுமே சொன்னேன். "ட்ரைவர்கூடப் பேசாதீங்கம்மா, உக்காருங்க"ன்னுட்டான். எழுதியே போட்டிருக்குது பாருன்னு காட்டறான்.

நான் இப்படிப் பேசிட்டே இருக்கறேன்னு நெனச்சுக்காதே கண்ணு. பேசலைன்னா என்னமோ பண்ணுது நெஞ்சுக்குள்ள.

அவரு மொதல்ல சைக்கிள்ளதான் போவாரு. ஒருக்கா என்ர தாலிக்கொடியை, இந்தா, இந்தப் படியிலதான், கூட்டத்துல எவனோ அறுத்துட்டுப் போயிட்டான். கழுத்துல ரத்தம். ஒரு வாரம் வேலைக்குப் போகலை நான். காய்ச்சல். அந்த வாரத்துலதான் அவரு சைக்கிளை வித்துட்டு வந்து நிக்கறாரு. "காது கேக்க மாட்டீங்குது, இனி சைக்கிள் ஆகாது, உங்கூடவே பஸ்ஸுல வந்தர்றேன்"ங்கறாரு. பாரு எங்கெரகத்தை. கொடி போன வெசனத்துல கெடக்கறவளுக்கு, இவரையும் கூட்டிட்டுப் போற வேலை. போகட்டும், யாருக்குச் செய்யறோம். இறங்கறப்பக்கூட நாந்தான் முதுகுல தட்டோணும். தட்டினாத்தான் காலை கீழ வெப்பாரு. அத்தனை நம்பிக்கை எம்மேல. எங்க வீடு மாவுமில்லுக்கிட்ட. அங்கயும் சிக்னல்லயே இறங்கிக்குவோம்.

இந்த கண்டக்டர் யாருகிட்ட இத்தனை பெருமையா பேசறான்? கேக்குதா உனக்கு? இத்தனை நாளு லேத்து முக்குல மட்டும் வேலை செஞ்ச பொட்டி, இன்னைக்கிலிருந்து ரூட்டு பூராம் வேலை செய்யுதாம். எல்லா சிக்னல்லயும் பச்சையாம். கால் மணி முன்னாடியே வீட்டுக்குப் போயிரலாமாம். பேசட்டும். எந்த சிக்னல் எப்படிப் போனா எனக்கென்ன? எனக்கு லேத்து முக்கைத் தாண்டினாப் போதும். அதைத் தாண்டிட்டா, அப்புறம் நான் அமைதியாயிருவேன் பாரு.

வந்துருச்சு. அந்த டயர் கடை தெரியுதா? அதைத் தாண்டினா முக்கு. எந்திரிச்சு நில்லு கண்ணு. நான் சொன்னது ஞாபகம் இருக்குதல்ல? நீலச் சட்டை. மதில் சந்துல பாரு. எனக்குக் கண்ணு மங்குது, தண்ணி கட்டுது. நீ பாரு. நிக்கறாரா? சிரிக்கறாரா?

பச்சை. பாத்தியா பச்சை. டேய் சாமி, மெதுவாப் போடா.

எங்கே? நிக்கலையா? நல்லாப் பாரு. சந்துல யாருமே இல்லையா? எங்கூட்டுக்காரரைக் காணமா? அது என்ன, சந்துல என்னமோ மஞ்சளா? ரோட்டுல பாரு. கீழ பாரு கண்ணு. கீழ. ஐயோ நிறுத்துங்க! நிறுத்துங்க தம்பி! கத்து அம்மிணி, நீயும் கத்து!

பாத்தியா நின்னுட்டான். நீ கத்தினதும் நின்னுட்டான்.

என்ன தம்பி? ஆமாங்க, நாந்தான் கத்தினேன். ரோட்டுல யாருமே இல்லைதானுங்க. யாருமே இல்லைன்னுதான் கத்தறேன்! தெனமும் நிக்கற மனுசன் இன்னைக்கு இல்லை. முன்னாடி போன பஸ்ஸு ஏதாச்சும்… நீங்க கேள்விப்பட்டீங்களா? இந்த முக்குல ஏதாச்சும் ஆச்சுன்னு? இல்லைங்களா? நெசமா இல்லைங்களா? பின்னாடி ஹார்ன் அடிக்கறானா, அடிக்கட்டும். நான் இறங்கிப் பாக்கறேன். விடு கண்ணு, நான் இறங்கறேன். எடுக்காதீங்க தம்பி, எடுக்காதீங்க.

எடுத்துட்டான். பாவி.

எங்கைய விடாதே கண்ணு. கொஞ்ச நேரம் அப்படியே புடிச்சுக்க. எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டீங்குது. சாப்பாட்டுப் பை கெடந்துச்சா ரோட்டுல? செருப்பு? பாத்துருந்தா சொல்லு, மறைக்காதே. அவருக்கு போன் வாங்கிக் குடுத்தேன், அடிச்சா அதுவும் அவருக்குக் கேக்காது. பாலத்து ஸ்டாப்புல என்னை இறக்கி விட்டுரு. திரும்பி முக்குக்கு ஓடியே போயர்றேன்.

ஸ்டாப்பு வந்துருச்சா? நகரு, நகரு கண்ணு…

அட.

அட, நிக்கறாரு பாரு! அந்தா, நீலச் சட்டை! ஸ்டாப்புலயே நிக்கறாரு, வரிசையில! அவருதான், அவரேதான். ஏனுங்! இங்க! ஏறுங்க, ஏறுங்க. மூச்சு வாங்குது பாரு மனுசனுக்கு. ஓடியாந்திருக்காரு.

எங்க போனீங்க? எங்க போனீங்கன்னு கேக்கறேன்!

என்னது? மதில் சந்துல அடைப்புப் போட்டுட்டாங்களா? மஞ்சத் தட்டி வெச்சா? போலீசா? அதுதான் மஞ்சளாத் தெரிஞ்சுதா. கேட்டியா கண்ணு, மத்தியானம் போலீசு வந்து சந்துல தட்டியைக் கட்டிப் போட்டுட்டாங்களாம். வேற வழியில்லாம ஸ்டாப்புக்கு நடந்தாராம். பஸ்ஸுல நாந்தனியாப் பயந்துக்குவேன்னு, பாலம் பூராம் ஓட்டமா வந்தாராம். காது கேக்காத மனுசன் பேச்சைக் கேளு. உங்கிட்ட என்ன சொல்றாரு? "இவளுக்கு பஸ்ஸுன்னாலே பயம் அம்மிணி, அதுக்குத்தான் நான் சைக்கிளை வித்துட்டுக் கூட வர்றது"ங்கறாரா? அட போங்க. சிரிக்காதே கண்ணு, அவருக்கு ஞாபக மறதி. காது போனதுனாலதான் வித்தாரு. நல்லா ஞாபகம் இருக்குது எனக்கு.

இந்தா, வர்க்கி எடுத்துக்க. ஒடஞ்சதுதான், பேக்கரியில எடுத்துக்கச் சொல்லுவாங்க. நல்லா இருக்கும். எனக்கு இப்பத்தான் பசியே தெரியுது. பாத்தியா, கை ஆடறது நின்னுருச்சு. தட்டியைக் கட்டின போலீசுக்காரன் குடும்பம் நல்லா இருக்கோணும். இனி என்ன, தெனமும் ஸ்டாப்புலதான் ஏறுவாரு. எனக்கு ஒரு வெசனம் விட்டுது. இன்னைக்கு நல்லாத் தூங்குவேன்.

உன்னையும் கத்த வெச்சுட்டேன். தப்பா நெனச்சுக்காதே. நல்ல புள்ளை நீ. எங்கைய இன்னும் புடிச்சுட்டு இருக்கறே பாரு.

அடடே, மாவுமில்லு வந்துருச்சு. இன்னைக்கு வெரசலா வந்துட்டோம். ஏனுங், எந்திரிங்க. நாங்க சிக்னல்லயே இறங்கிக்கறோம் கண்ணு, ஸ்டாப்பு அக்கட்டால போயிரும், அங்கிருந்து திரும்பி நடக்கோணும். இது பழைய பஸ்ஸு, கதவும் கெடையாது, சுளுவா இறங்கிக்கலாம். நீங்க முன்னாடி போங்க. கம்பியைப் புடிங்க. கடைசிப் படிக்கு வாங்க. அப்படித்தான். இங்க சிகப்பு விழுந்துரும், எப்பவும் விழும். நாந்தட்டறேன், இறங்குங்க. போயிட்டு வர்றோம் அம்மிணி.

என்ன கண்ணு? சேலையை ஏன் இழுக்கறே? விடு, சிக்னல் வந்துருச்சு, அவரைத் தட்டிட்டேன். என்ன சொல்றே? பொட்டியா? அது லேத்து முக்குலதானே…

பச்சை.

நிக்கலையே. அம்மிணி, பஸ்ஸு நிக்கலையே. தட்டிட்டேனே நான், முதுகுல தட்டிட்டேனே. காலை வெளிய எடுக்கறாரு பாரு. ஏனுங்! ஏனுங்! அவருக்குக் கேக்காது. என்னை விடு கண்ணு, அவரைப் புடி, சட்டையைப் புடி. புடிச்சுட்டியா? ரெண்டு கையிலயும் புடி. விட்டுறாதே. எனக்குப் பயமா இருக்குது கண்ணு. எனக்கு ரொம்பப் பயமா இருக்குது. விட்டுறாதே.